நாளுக்கு இரண்டு தரம் கடல் பின்வாங்கும் ஊர்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பேனையைப் பிடித்தால் கை வலிக்கும், வாயைத் திறந்தால் மட்டும் வலிக்காது. அதோடு, தென்னமெரிக்காவில் ஒரு தலைநகரத்தைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று நான் சொன்னால் எங்கள் மட்டக்களப்புக் கல்லடியில் யார் நம்புவார்கள்? பாலத்துக்குக் கீழே முதலை குட்டி போட்டிருக்கிறது என்று சொல்லி ஒரு வகுப்பையே கூட்டிக்கொண்டு போனவன் நான். முதலை முட்டைதான் இடும் என்பது அன்றைக்கு வாத்தியாருக்கே ஞாபகம் வரவில்லை. அவரும் கூட வந்தார்.

ஆனால் இது நடந்தது. ஊரின் பெயர் ஜோர்ஜ்டவுன். கயானா என்ற நாட்டின் தலைநகரம். உலகப் படத்தில் பிரேசிலுக்கு மேலே ஓரமாக ஒதுங்கியிருக்கும். அந்தப் பக்கம் போகிற வெள்ளைக்காரர்கூட அதைத் தாண்டித்தான் போகிறார்கள். என் கூட்டாளி ஒருவன் அங்கே இருந்தான். அதனால்தான் அந்தப் பெயரே எனக்குத் தெரியும்.

அவனும் நானும் கல்லடியில் அடுத்தடுத்த வளவு, நடுவில் ஒரே வேலி. ஒருவரை ஒருவர் நக்கலடிப்பதைத் தவிர வேறு கதை எங்களுக்குள் இருந்ததில்லை. சுனாமிக்கு முன்னும் அப்படித்தான், பின்னும் அப்படித்தான். யுத்தம் முடிந்தது என்று வானொலி சொன்ன பிறகும் எங்கள் பக்கம் பொடியன்களைத் தேடி வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஒரு நாள் அவன் கனடாவுக்கென்று ஏஜென்சிக்காரனோடு புறப்பட்டான். நாடு நாடாகக் கூட்டிக்கொண்டு போன ஏஜென்சிக்காரன் ஜோர்ஜ்டவுனில் ஒரு விடுதியில் அவனை விட்டுவிட்டு, சாப்பாடு வாங்கப் போனவன், திரும்பி வரவேயில்லை. இவன் அங்கேயே தங்கிவிட்டான். பிறகு அங்கேயே கல்யாணமும் முடித்தான்.

நான் கப்பலில் தளம் கழுவுகிற, பெயின்ட் அடிக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாம் தரம் கப்பலேறப் போகுமுன் அவனுடைய அம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவரை நான் மாமி என்றுதான் கூப்பிடுவது. கடற்கரையோரம் இருந்த அவர்களுடைய வீடு சுனாமியோடு போய்விட்டது. இப்போது இருப்பது உள்ளுக்குத் தள்ளிக் கட்டிக் கொடுத்த வீடு. அதில் ஓர் அறை எப்போதும் பூட்டியே இருக்கும். அது அவனுடைய தங்கச்சியின் அறை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கல்யாணம் முடித்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்டாட்டி வீட்டுக்குப் போய்விட வேண்டும். அதனால் வீடும் அறையும் தங்கச்சிக்கு. தங்கச்சி அந்த வீட்டைக் கண்டதே இல்லை. சுனாமியில் போனவள் போனவள்தான், உடல்கூடக் கிடைக்கவில்லை.

சுவரில் அவளுடைய படம் இருந்தது. வீட்டில் இருந்த படமெல்லாம் தண்ணீரோடு போய்விட்டதால், கிரான் என்ற ஊரில் ஒரு கல்யாண வீட்டில் எடுத்த படத்திலிருந்து அவளை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியது. தோளில் வேறு யாரோ ஒரு பெண்ணின் கை இருக்கும். படத்துக்கு மாலை கிடையாது, விளக்கும் கிடையாது. கிரியை ஒன்றும் செய்யவில்லை. செய்தால் அவள் செத்தவள் என்று ஆகிவிடும்.

"மனே, எனக்கு நெஞ்ச வெட்டி ஒப்பரேசன் செய்யணுமாம்" என்றார் மாமி. "கொழும்பில நாள் கிடைக்கச் சுணங்கும் எண்டு சொல்லியிருக்காங்க. வெட்டினா எழும்புவனோ தெரியா. அதுக்குள்ள புள்ளைக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சி, அந்தப் படத்துக்கு ஒரு மாலையப் போட்டுத்துப் போகணும்."

"செய்யுங்களன் மாமி."

"தமையன் ஓம் எண்டு சொல்லாம எப்பிடிகா செய்யிற? நாளைக்கு அவன் வந்து, 'என்னக் கேக்காம ஏன் என்ட தங்கச்சியச் சாக வெச்ச?' எண்டு கேட்டா? போன்ல அந்தக் கதைய எடுத்தாலே வெட்டிப்போடுறான். நீ கப்பல்ல போறவன். அவன்ட ஊருக்குப் போனா உன்ட வாயால கேளு."

"அந்த ஊருக்கு எந்தக் கப்பல் மாமி போகப் போகுது? போனாக் கேக்கிறன், ஓம்" என்றேன் சிரித்துக்கொண்டே. ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். மாமி சிரிக்கவில்லை. என் தலையில் கையை வைத்து எடுத்தார்.

மாதங்கள் கழித்து நடுக்கடலில் எங்கள் சமையற்காரர் வந்து, அடுத்த துறைமுகம் ஜோர்ஜ்டவுன், அரிசி ஏற்றப் போகிறோம் என்றார். கையிலிருந்த பெயின்ட் வாளியைக் கீழே வைத்துவிட்டேன். வயல் ஊரில் பிறந்தவன் உலகத்தின் மறு பக்கத்துக்கு அரிசி ஏற்றப் போகிறேன் என்று மற்றவர்களிடம் பகிடி விட்டேன். மாமியிடம் ஓம் என்று சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஆற்று வாய் வழியே கப்பல் உள்ளே போகிறபோது ஊரைத் தேடினேன். ஊர் இல்லை. தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர், அதன் ஓரத்தில் ஒரு நீள மதில், அந்த மதிலுக்கு மேலே கூரைகளும் தென்னந் தலைகளும். ஊரே கடலைவிடப் பள்ளத்தில் இருக்கிறது. ஒல்லாந்தர் செய்த வேலையாம். எங்கள் ஊரில் ஒரு கோட்டையை விட்டுவிட்டுப் போனவர்கள், இங்கே கடலுக்கே மதில் கட்டியிருக்கிறார்கள்.

மழை வந்து அரிசி ஏற்றுவது நின்றது. எங்களுக்கு ஒரு நாள் கரையில் இறங்க அனுமதி கிடைத்தது. கூட்டாளிக்கு போன் எடுத்தேன்.

"டேய், நீயா? உன்னயும் ஒருத்தன் கப்பல்ல ஏத்தியிருக்கானா?"

"பாரம் காணாதெண்டு ஏத்தினவங்க."

"காலம்பற கடல் மதிலுக்கு வா. பஸ்ஸ விட்டுத்து வாறன்" என்றான். மினிபஸ்ஸில் நடத்துநர் வேலை அவனுக்கு. கத்தித்தான் ஆள் ஏற்ற வேண்டும். அந்த வாய்க்கு ஏற்ற வேலை.

அடுத்த நாள் நான் முந்திப் போய்விட்டேன். மதிலில் ஏறி நின்றேன்.

கடல் இல்லை.

முந்தின நாள் மதிலில் மோதிக்கொண்டிருந்த கடலைக் காணவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. ஒரு மீன்பிடி வள்ளம் சரிந்து கிடந்தது. நண்டுகள் ஓடின. சேற்றுக்குள் மூன்று பிள்ளைகள் வாளியோடு எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் கடல் அப்படிச் செய்யாது. ஏற்றம் வற்றம் என்று முழங்கால் அளவுகூட மாறாத கடல் அது. என் ஆயுளில் ஒரே ஒரு தரம்தான் அது தன் அடியைக் காட்டியது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நான் பக்கத்து வளவில் மாங்காய் திருட மரத்தில் ஏறியிருந்தேன். முதலில் தண்ணீர் தெருவுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனது. போனது போய்க்கொண்டே இருந்தது. மரத்திலிருந்து பார்த்தால் பாறையும் மணலும் துள்ளுகிற மீனும். பிள்ளைகள் பாத்திரத்தோடு ஓடினார்கள். பிறகு வந்தது எது என்று எல்லோருக்கும் தெரியும். திருட்டுப் புத்திதான் என்னைக் காப்பாற்றியது.

அந்த ஜோர்ஜ்டவுன் மதிலில் என் கால் என்னைக் கேட்கவில்லை. "கடல் போயித்து! ஓடுங்க! புள்ளைகளே ஏறுங்க!" என்று தமிழில் கத்திக்கொண்டு தெருவைக் கடந்தேன். இளநீர் விற்கிற பெண் ஒருத்தியைக் கையில் பிடித்து இழுத்தேன். அவள் இளநீர்க் கத்தியை ஓங்கினாள், அதனால் விட்டுவிட்டேன். நெல் மூட்டை ஏற்றிய ஒரு லொறி நின்றது. அதன் உச்சியில் போய்க் குந்திக்கொண்டுதான் திரும்பிப் பார்த்தேன். கீழே கூட்டம் கூடிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். லொறிக்காரன் இறங்கச் சொல்லிக் கையைக் காட்டினான். சிரிக்கிறவர்களைச் சேர்த்துவைப்பதுதான் என் தொழில். ஆனால் அன்றைக்கு வாயில் ஒரு பகிடியும் வரவில்லை.

கூட்டத்துக்குள்ளால் அவன் வந்தான். நல்லாய் மெலிந்திருந்தான். அவன் சிரிக்கவில்லை.

"இறங்கு மச்சான். ஒண்டும் இல்ல. இது ஒவ்வொரு நாளும் ரெண்டு தரம் இப்பிடிப் போகும், மறுகா வரும்."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஒவ்வொரு நாளும். மெதுவா வரும். ஆரையும் கொண்டு போகாது. இறங்கு."

கையைக் கொடுத்து இறக்கினான். அந்தக் கையை விடாமல் கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு அவனே தொடங்கினான். "வந்த புதுசில நானும் ஓடினன் தெரியுமா. மாமரம் ஒண்டு கண்டு ஏறித்தன்."

"ஏன் மாமரம்?"

"நம்மட தெருவில மாமரத்தில ஏறின நீதானே தப்பின? அதான் மாமரமாத் தேடினன். பொழுதுபட்டும் இறங்கல்ல. அந்த வீட்டுப் புள்ள ஏணியக் கொண்டுவந்து வெச்சி இறக்கினா."

"மறுகா?"

"மறுகா என்ன, அவளத்தான் கட்டினன். அந்த வீட்டிலதான் இருக்கன்."

"பூமிக்கு மறுபக்கம் வந்தும் பொண்டாட்டி வீட்டிலயா குந்தியிருக்க?"

"மட்டக்களப்பான் வேற எங்கடா குந்துவான்?"

இரண்டு பேரும் சிரித்தோம். கேட்க வேண்டியதை அந்தச் சிரிப்போடு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவன் ஊரைக் காட்டினான். நான் பார்த்த துறைமுக ஊர்களுக்குள் அதைப் போல ஓர் ஊர் இல்லை. வெள்ளை மர வீடுகள் தூண்களின் மேல் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. தெருவுக்குத் தெரு வாய்க்கால், வாய்க்காலில் தாமரை. முழுதும் மரத்தால் கட்டிய ஒரு தேவாலயத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால், கவிழ்த்துவைத்த கப்பலுக்குள் நிற்பது மாதிரி இருக்கும். இரும்பு மணிக்கூட்டுக் கோபுரம் வைத்த சந்தையில், எங்கள் மாமிமார் போல முகமுள்ள பெண்கள் பாகற்காயும் கொச்சி மிளகாயும் குவித்துவைத்து விற்கிறார்கள். முகம் எங்களுடையது, பேசுகிற பாஷை ஓர் ஆங்கிலம். யாருக்கும் ஞாபகமில்லாத ஒரு பழைய காலத்தில் மதராஸ் பக்கத்திலிருந்து கரும்பு வெட்ட வந்தவர்களின் பேரப்பிள்ளைகளாம். அவனுடைய பெண்டாட்டி வீட்டாரும் அந்த ஆட்கள்தான். கோயிலில் மாரியம்மனைத் தமிழில் பாடுவார்களாம், அர்த்தம் தெரியாதாம்.

"நீ சொல்லிக் குடுக்கலாமே" என்றேன்.

"எனக்கும்தான் பாதி விளங்கல்ல."

ஒரு பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். குளத்தின் ஓரத்தில் நின்று, புல்லைக் கையில் பிடித்துக்கொண்டு விசிலடித்தான். தண்ணீருக்குள்ளிருந்து சாம்பல் நிற மூக்கு ஒன்று வந்தது. கடற்பசு. சோம்பேறி மாடு மாதிரி வாயைத் திறந்து புல்லை வாங்கித் தின்றது. "நம்மட ஊரில மீன் பாடுது எண்டு எத்தின பேரத் தோணியில ஏத்தி ஏமாத்தியிருப்பம்? இங்க பாரு, விசிலடிச்சா உண்மையாவே வருது" என்றான். நானும் விசிலடித்தேன். எனக்கு வரவில்லை. கடற்பசுவுக்கும் நான் பொய்யன் என்று தெரிந்திருக்கிறது.

அங்கேயும் கேட்கவில்லை. வாயைத் திறக்கிற நேரமெல்லாம் நக்கல்தான் வந்தது. அவனிடம் வேறு மாதிரிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. மாமியின் நெஞ்சு வெட்டுகிற கதையை மட்டும் சொன்னேன். "தெரியும்" என்றான். அடுத்த நிமிஷமே பஸ்ஸில் ஏறிய ஆட்டுக்குட்டிக் கதைக்குப் போய்விட்டான்.

பின்னேரம் அவனுடைய வீட்டுக்குப் போனோம். மாமரம் நின்றது. மாமனாருக்கு அரசாங்க வேலை. வாய்க்கால் கடலோடு சேருகிற இடத்தில், மதிலில் ஒரு பெரிய மரக்கதவு இருக்கிறது. கடல் வற்றுகிற நேரம் அதைத் தூக்கிவிட்டால் ஊர் மழைத்தண்ணீர் கடலுக்கு ஓடும். கடல் ஏறுமுன் இறக்கிப் பூட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கடல் ஊருக்குள் வந்துவிடும். அதுதான் அவருடைய வேலை. எங்கள் ஊரில் மழைக்காலத்தில் வயல் மூழ்கினால், முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டி வாவியைக் கடலுக்குத் திறந்துவிடுவோம். வெட்டு என்று வயல்காரர், வெட்டாதே என்று மீன்காரர் என வருஷா வருஷம் சண்டை. இங்கே சண்டை இல்லை, கதவு இருக்கிறது. அன்றைக்கு மாமனாருக்கு இடுப்புப் பிடிப்பு. மருமகன்தான் கதவை இறக்க வேண்டும்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த அந்த மதிலில் ஏறி நின்று பார்த்தேன். கடல் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவன் சொன்னது சரி, மெதுவாக, சேற்றின் மேல் பாய் விரிக்கிற மாதிரி வந்தது. அவன் சங்கிலிச் சக்கரத்தின் பிடியை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றத் தொடங்கினான். கதவு விரல் விரலாக இறங்கியது. இடையில் கையை விட்டால் சக்கரம் திருப்பி அடிக்கும் என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தான். இப்போது கேட்டால் இவனால் எங்கும் ஓட முடியாது என்று என் குறும்புப் புத்திக்குப் பட்டது.

"மச்சான், மாமி கேக்கச் சொன்னவ."

அவன் சுற்றிக்கொண்டிருந்தான்.

"தங்கச்சிக்குச் செய்யட்டாமா எண்டு. படத்துக்கு மாலை போடட்டாமா எண்டு. நீ ஓம் எண்டாத்தான் செய்வாவாம். வெட்டுறதுக்கு முந்திச் செய்யணுமாம்."

சக்கரம் நின்றது. பிடியை விடவில்லை.

"இதுக்குத்தானா காலம்பறயில இருந்து இந்தக் குரங்குச் சேட்டையெல்லாம்?"

"ஓம்."

"அண்டைக்கு நான் அம்மாவ இழுத்துத்துப் பாலத்துப் பக்கம் ஓடுறன். அவள் சட்டியோட நிக்காள், கடல் போன இடத்தில. கூப்பிட்டன். கேட்டது அவளுக்கு. திரும்பிப் பாத்தவள். 'ரெண்டு மீன் பொறுக்கித்து வாறன் அண்ணா' எண்டவள். வாறன் எண்டு சொன்னவளுக்கு நான் எப்பிடிகா மாலை போடுற?"

அவன் மதிலுக்கு அந்தப் பக்கம் ஏறி வருகிற தண்ணீரைப் பார்த்தான்.

"வந்த வருஷம் முழுக்க, கடல் வத்துற நேரமெல்லாம் இந்தச் சேத்துக்குள்ள இறங்கி நடந்தன். இஞ்ச என்ன இருக்கப்போகுது? இது வேற கடல் எண்டு எனக்குத் தெரியாதா? ஆனா கடல் வத்தினா என்ட கால் போகுது. பொண்டாட்டி மேல நிண்டு பாத்துத்து நிப்பாள். ஒண்டும் கேக்க மாட்டாள்."

"இப்பவும் போறயா?"

"இப்ப மேல நிண்டு பாக்கிறதோட சரி."

"மாமிக்கு என்ன சொல்லட்டும்?"

அவன் குனிந்து சக்கரத்தைச் சுற்றினான். கதவு அடியில் போய் முட்டிய சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கடல் வந்து கதவின் அந்தப் பக்கத்தில் சாய்ந்து நின்றது. மதிலை விட்டு இறங்கி இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேரும், எங்கள் தலைக்கு மேல் உயரத்தில் தண்ணீர். அவனுடைய பெண்டாட்டி மாமரத்தடியில் நின்று சாப்பிடக் கூப்பிட்டாள். சாப்பிட்டோம். பேச்சு நடந்தது, நக்கலும் நடந்தது, ஆனால் அந்தக் கேள்வியின் பக்கம் அவன் திரும்பவில்லை. கப்பலடியில் என்னை இறக்கிவிட்டு, "விழுந்து செத்துராத, பெயின்ட் வாளியோட" என்றான். அடுத்த நாள் கப்பல் போய்விட்டது.

நான் ஊர் திரும்பியபோது மாமிக்குக் கொழும்பில் நாள் கிடைத்திருந்தது. அடுத்த கிழமை. நான் போய் நின்றதும் மாமி முதலில் கேட்டது கிரியையைப் பற்றி இல்லை.

"மெலிஞ்சித்தானா மனே?"

"கொஞ்சம். நல்லாத் திங்கிறான் மாமி. திங்கிறதெல்லாம் வாய்க்குள்ளயே தங்கிப் போகுது."

"கேட்டியா?"

"கேட்டன். சொல்லல்ல."

மாமி தலையை ஆட்டினார். படத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. அதனால் என்னிடம் இருந்ததைக் கொடுத்தேன். லொறிக் கதையைச் சொன்னேன், நெல் மூட்டைக்கு மேலே குந்தியிருந்ததை நடித்துக் காட்டினேன். இளநீர்க்காரி கத்தியை ஓங்கியதைச் சொன்னேன். பிறகு மாமரக் கதையைச் சொன்னேன், மருமகள் ஏணி கொண்டுவந்ததை.

"ரெண்டு பேருமா?" என்றார் மாமி. "ரெண்டு எருமையளும் ஓடித்துப் போய் ஏறினயளா?" தோள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு நிற்காமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நான் பயந்துபோனேன். கண்ணைத் துடைத்துவிட்டு, "கடல் வத்தினா இன்னும் பாத்துத்துத்தான் நிக்கானா?" என்று கேட்டார்.

அதை நான் சொல்லவேயில்லை.

"ஓம் மாமி."

"தெரியும்" என்றார் மாமி. "நான் மட்டும் என்ன, அந்த அறைய ஒரு நாளைக்கு ரெண்டு தரம் திறந்து பாக்கிறதுதான்."

முற்றத்துக்கு வந்து அவனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்ததுதான். எழுத்துப் பிழை எத்தனை என்று எண்ணவில்லை. அம்மா சிரித்தா, மாமரக் கதைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தா, அடுத்த கிழமை வெட்டுகிறார்கள், அந்த அறையை அவவும் நாளுக்கு இரண்டு தரம் திறந்து பார்க்கிறாவாம், உன்னைப் போலத்தான், நான் என்ன சொல்லட்டும் என்று. ஒரு நக்கலும் சேர்க்காமல் அவனுக்கு நான் அனுப்பிய முதல் செய்தி அது.

எங்களுக்குப் பின்னேரம், அவனுக்கு விடிகாலை. பஸ்ஸுக்குப் போகிற நேரம். உடனே பதில் வரவில்லை. மாமி எனக்கு முட்டை பொரித்துத் தந்தார், தின்றேன். வாவிப் பக்கமிருந்து காற்று வந்தது. போன் அதிர்ந்தது.

"செய்யச் சொல்லு மச்சான், மாலைக்கு மல்லிகை மட்டும் வேணாம், அவளுக்கு அந்த மணம் தலையிடிக்கும்."